பேசாத தொலைபேசி

பழுது என்னும் சொல்லைக் கேட்டவுடன் மனம் சோர்வது மக்கள் இயல்பு. ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் நின்றுவிட்டால், அதைக் கையிலெடுத்துக் குலுக்கிப் பார்ப்பர். மீண்டும் ஓடாவிடின் ஒரு மூலையில் வைத்துவிடுவர். ஆனால், பழுது எப்போதும் பகையன்று. உற்று நோக்குவோர்க்கு அஃது ஆசிரியனாகவும் விளங்கும். உலகை ஓர் ஊராக்கிய தொலைபேசி பிறந்ததே ஒரு பழுதிலிருந்துதான் என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

1875ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில், அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்பவரும், அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் வாட்சன் என்னும் இளந்தொழிலாளரும் தந்திக் கருவியொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தனர். ஒரே கம்பியில் பல தந்திகளை ஒருங்கே அனுப்ப வேண்டும் என்பது பெல்லின் நோக்கம். இருவரும் வெவ்வேறு அறைகளில் இருந்தனர். வாட்சனிடமிருந்த கருவியில் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. அதனை விடுவிப்பதற்காக அவர் விரலால் சுண்டினார். அந்நொடியே, மற்றோர் அறையிலிருந்த பெல்லின் காதில் அந்த எஃகின் மெல்லிய ஒலி கேட்டது. கருவி ஒழுங்காக இயங்கியிருந்தால் மின்னோட்டம் விட்டுவிட்டுத்தான் சென்றிருக்கும். பழுதுற்றதனால் அஃது இடைவிடாது ஓடி, ஒலியின் ஏற்ற இறக்கங்களை அப்படியே சுமந்து சென்றது. எஃகின் ஒலி கம்பி வழியே செல்லுமாயின் மனிதனின் குரலும் செல்லுமன்றோ என்று பெல் உணர்ந்தார்.

பெல் காது கேளாதோர்க்குப் பேச்சுப் பயிற்சி அளித்த ஆசிரியர். அவருடைய அன்னையாரும் செவிப்புலன் குன்றியவர். ஆதலின் குரலின் இயல்பு பற்றி அவர் நெடுங்காலம் சிந்தித்திருந்தார். 1876ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. மூன்று நாட்கள் கழித்து, அடுத்த அறையிலிருந்த வாட்சனைக் கருவியின் வழியே அழைத்தார். வாட்சன் அதைக் கேட்டு விரைந்து வந்தார். ஆறே ஆண்டுகளில் இக்கருவி இந்தியாவை அடைந்தது. 1882ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் இயங்கலாயின. நாடு விடுதலை பெற்றபின், 1948ஆம் ஆண்டில் பெங்களூரில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கறுத்த மேனியும் எண் வட்டும் கொண்ட கனமான தொலைபேசிகள் அங்கிருந்து நாடெங்கும் சென்றன.

தொலைபேசியின் அருமையை உணர்வதற்கு ஏற்ற ஊர்களுள் ஒன்று காரைக்கால். காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலோடு கலக்குமிடத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்ற அப்பகுதி, 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவோடு இணைந்தது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அவ்விணைப்புச் சட்ட முறைப்படி நிறைவு பெற்றது. ஆட்சி முறையில் அது புதுச்சேரியைச் சேர்ந்ததாயினும், இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவு உண்டு. நிலத்தின் பக்கமெல்லாம் தமிழ்நாட்டின் வயல்களே சூழ்ந்துள்ளன. தொலைபேசிக் குறியீட்டு எண்ணிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். புதுச்சேரியின் குறியீடு 0413. காரைக்காலின் குறியீடோ 04368. அதன் அண்டை ஊராகிய நாகப்பட்டினத்தின் குறியீடு 04365. அரசு ஆணைகள் புதுச்சேரியிலிருந்து வரினும், எண்வரிசை அண்டை ஊர்களோடு உறவு கொண்டாடுகிறது.

இத்தகைய ஊரில் தொலைபேசி வெறும் வசதிப் பொருளாக இருந்ததில்லை. பிரான்சு நாட்டில் மகனோ மகளோ வாழும் குடும்பங்கள் அங்கே பல. மலேயா, சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்கு வாணிகத்தின் பொருட்டுச் சென்றவர்களின் இல்லங்களும் உள்ளன. பாரிசு நகரில் மாலை வேலை முடித்து ஒருவர் அழைக்கும்போது, காரைக்காலில் இரவு பத்து மணியைக் கடந்திருக்கும். முதிய தாய் அம்மணியோசைக்காகவே விழித்திருப்பாள். அந்த மணி ஒலியாமற்போனால் கெடுவது ஒரு கருவி மட்டுமா? இரு கண்டங்களுக்கு இடையே இருந்த உறவின் இழையன்றோ அறுபடுகிறது!

ஆயினும், தொலைபேசியைக் கெடுக்கும் பகைகளும் அக்கடற்கரையில் மிகுதி. கடற்காற்று நுண்ணிய உப்பைச் சுமந்து வருகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும்; ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு துருவேறும்; செம்பும் பித்தளையும் பச்சைக் களிம்பு பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை இவ்வேலையை விரைவுபடுத்தும். எனவே, கருவியின் இயல்பையும் அதன் பழுதையும் அறிந்திருத்தல் அங்குள்ள இல்லத்தார்க்குப் பெரும் பயன் தரும்.

தொலைபேசி இயங்கும் முறை எளியது. கையிலெடுத்துப் பேசும் ரிசீவரின் வாய்ப்பகுதியில் மெல்லிய தகடு ஒன்று உண்டு. அதன் பின்னே, சிறு கிண்ணம் ஒன்றில் கரித்துகள்கள் நிரப்பப்பட்டிருக்கும். பேசுபவரின் குரல் தகட்டை அதிரச் செய்யும். தகடு உள்ளே அழுந்தும்போது துகள்கள் நெருங்கி மின்னோட்டத்திற்கு எளிதில் வழிவிடும். வெளியே தளரும்போது துகள்கள் நெகிழ்ந்து தடை மிகும். இவ்வாறு குரலுக்கேற்ப மின்னோட்டம் கூடியும் குறைந்தும் கம்பியிற் செல்லும். மறுமுனையில் காதுப்பகுதியினுள் காந்தமும் கம்பிச் சுருளும் ஓர் இரும்புத் தகடும் உள்ளன. கூடிக் குறையும் மின்னோட்டத்திற்கேற்ப அத்தகடு அசைந்து குரலை மீண்டும் பிறப்பிக்கும். கரியைப் பயன்படுத்தும் வாய்ப்பகுதியைச் செம்மைப்படுத்தியவர் எடிசன். பிற்காலக் கருவிகளில் கரித்துகள்களுக்கு மாறாக மிகச் சிறிய ஒலிவாங்கி பொருத்தப்படுகிறது.

இவ்வளவிற்கும் வேண்டிய மின்சாரம் வீட்டிலிருந்து எடுக்கப்படுவதில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இணைப்பகத்தில் பெரிய மின்கல அடுக்கு ஒன்று உண்டு. அதிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தம் இரு செம்புக் கம்பிகளின் வழியே ஒவ்வொரு வீட்டிற்கும் வருகிறது. புயலடித்து ஊர் முழுதும் இருண்ட இரவிலும் செம்புக்கம்பித் தொலைபேசி பேசுவதற்கு இதுவே காரணம். அம்மின்கல அடுக்கின் நேர்முனையை மண்ணோடு பிணைத்துவிடுவர். வீட்டிற்கு வரும் கம்பி எதிர்மின்னழுத்தம் உடையதாக இருக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஈர மண்ணில் கிடக்கும் கம்பி நேர்மின்னழுத்தம் உடையதாயின், அதிலிருந்து மின்சாரம் மண்ணுக்குக் கசியும். கசியுந்தோறும் செம்பும் சிறிது சிறிதாகக் கரையும். எதிர்மின்னழுத்தமாயின் கசிவு மண்ணிலிருந்து கம்பியை நோக்கியே நிகழும். செம்பு அவ்வாறு கரைவதில்லை. உப்பும் ஈரமும் நிறைந்த நிலத்தில் இம்முறையின் அருமை தானே விளங்கும்.

ரிசீவர் தன் தாங்கியில் இருக்கும்போது அதன் எடை ஒரு விசையை அழுத்திக்கொண்டிருக்கும்; அப்போது பேச்சுச் சுற்று மூடப்படாமல் நிற்கும். ரிசீவரை எடுத்தவுடன் விசை மேலெழும், மின்னோட்டம் பாயும், வீட்டார் பேச விரும்புகின்றனர் என்பதை இணைப்பகம் அறிந்து, தொடர்ச்சியான ஓர் ஒலியை அனுப்பும். பழைய எண் வட்டைச் சுழற்றி விட்டால், அது திரும்பி வரும்போது மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும். 3 என்ற எண்ணுக்கு மூன்று முறையும், சுழிக்குப் பத்து முறையும் துண்டிப்பு நிகழும். அழுத்துப் பொத்தான்கள் உடைய கருவியில் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளை ஒருங்கே எழுப்பி எண்ணைத் தெரிவிக்கும். வெளியிலிருந்து ஒருவர் அழைக்கும்போது இணைப்பகம் ஏறத்தாழ 75 வோல்ட் அளவுள்ள மாறுதிசை மின்னோட்டத்தை அனுப்பி மணியை அடிக்கும்.

இனி, பழுது நீக்குதலைக் காண்போர் முதலில் அறிய வேண்டுவன இரண்டு: எதனைத் தொடலாம் என்பதும், எப்போது தொடலாகாது என்பதும். ஒரு காலத்தில் தொலைபேசிக் கருவியே அரசின் உடைமையாக இருந்தது. வீட்டார் அதைத் திறத்தல் கூடாது. பின்னாளில் கருவியை விலைக்கு வாங்கிக்கொள்ளும் முறை வந்தது. கம்பத்திலிருந்து வீட்டின் நுழைவாயிற் பெட்டி வரையுள்ள கம்பி நிறுவனத்தினுடையது. அதனைத் தொடுபவர் லைன்மேன் ஒருவரே. அப்பெட்டிக்கு இப்பால் வீட்டார் வாங்கி வைத்த கருவியும் வடமும் வீட்டாருடையவை.

கருவியைத் திறக்குமுன் சுவரிலிருந்து அதன் இணைப்பைக் கழற்றிவிடுதல் வேண்டும். 48 வோல்ட் பெருந்தீங்கு செய்யாது என்று எண்ணுவோர், மணியடிக்கும் மின்னழுத்தம் எந்த நொடியிலும் வரக்கூடும் என்பதை மறந்துவிடுகின்றனர். ஈரக் கையோடும் ஈரத் தரையில் நின்றும் வேலை செய்தலாகாது. இடி மின்னல் வேளையில் தொலைபேசியையோ அதன் கம்பியையோ தொடுதல் அறவே கூடாது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லாக் கருவியாயின், அந்த மின்னிணைப்பையும் நீக்கிய பின்னரே திறத்தல் வேண்டும்.

பழுதைத் தேடுவதற்கு ஒரு பொதுநெறி உண்டு. நோயுற்றவனுக்கு மருந்து கொடுக்குமுன் நோய் எவ்விடத்தது என்று மருத்துவன் ஆராய்வான். அதுபோலவே, பழுது வீட்டிற்கு வெளியே உள்ளதா, உள்ளே உள்ளதா என்பதை முதலில் தெளிதல் வேண்டும். வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, நன்றாக இயங்கும் என்று தெரிந்த ஒரு கருவியை நுழைவாயிற் பெட்டியில் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் ஒலி இல்லையேல் பழுது வெளியே உள்ளது. நிறுவனத்திற்குத் தெரிவிப்பதே முறை. அங்கே ஒலி கேட்குமாயின் பழுது வீட்டினுள்ளேதான். மின்னழுத்தமானி உடையவர் இதனை அளந்தும் அறியலாம். ரிசீவர் தாங்கியில் இருக்கும்போது 48 வோல்ட் அளவும், எடுத்தபின் 10 வோல்ட்டுக்குக் குறைந்த அளவும் காட்டினால் வெளிக்கம்பி நலமாக உள்ளது எனலாம்.

உள்ளே பழுது என்று தெரிந்தபின், கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே வருதல் வேண்டும். எதனை இணைத்தவுடன் ஒலி மறைகிறதோ, அதுவே குற்றவாளி. மாடியறையில் ரிசீவர் சற்றே விலகிக் கிடப்பதுகூட வீட்டுத் தொலைபேசிகள் அனைத்தையும் முடக்கிவிடும். உள்வடத்தின் இரு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டாலும் இதுவே நிகழும். இணைப்பகமோ யாரோ பேசிக்கொண்டிருப்பதாகக் கருதும். அழைப்பவர்க்கு இணைப்பு ஓய்வின்றி இருப்பதாக ஒலி கேட்கும்.

பேசும்போது கரகரப்பு எழுதல் கடற்கரையூர்களில் மிகுதியாகக் காணப்படும் குறையாகும். ரிசீவரைக் கருவியோடு இணைக்கும் சுருள் வடத்தை ஒரு கையால் மெல்ல வளைத்து வளைத்துப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஓரிடத்தை அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டுக் கேட்டால், அங்கே உள்ளிழை அறுந்துள்ளது என்பது உறுதி. புது வடம் மாற்றுதல் எளிது; விலையும் சிறிது. வடம் நலமாக இருப்பின், இணைப்பு முனைகளில் களிம்பு ஏறியிருக்கும். அதனைச் சிறு தூரிகையில் ஸ்பிரிட் தோய்த்துத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் பொருத்த வேண்டும்.

தான் பேசுவது மறுமுனையில் கேட்கவில்லை, ஆனால் பிறர் பேசுவது கேட்கிறது என்றால், குறை வாய்ப்பகுதியில் உள்ளது. பழைய கருவியாயின் ஈரத்தால் கரித்துகள்கள் கட்டிபட்டிருக்கலாம். உள்ளங்கையில் ரிசீவரை மெல்லத் தட்டினால் துகள்கள் பிரிந்து குரல் மீளும். அந்நாளில் பலர் இதன் காரணம் அறியாமலே தட்டிப் பயன் கண்டனர்! அவ்வாறு செய்தும் பயன் இல்லையேல், வாய்ப்பகுதியைத் தாங்கும் சிறு உலோக வில்களைத் துடைத்து, அவை நன்கு தொடுமாறு செய்தல் வேண்டும்.

ரிசீவரை எடுத்தும் ஒலி வாராமை, வைத்தபின்னும் இணைப்பு நீங்காமை ஆகியவை தாங்கியின் விசையிலுள்ள குறைகள். பழைய கருவியின் விசையில் ஒன்றையொன்று தொடும் மெல்லிய முனைகள் உண்டு. அவற்றை உப்புத்தாளால் தேய்ப்பது பெருந்தவறு. முனைகளின் மேற்பூச்சு அழிந்து, பழுது நிலையாகிவிடும். தூய வெள்ளைத்தாளின் துண்டு ஒன்றை முனைகளுக்கு இடையே செலுத்தி, மெல்ல அழுத்திப் பிடித்து இழுத்தால் அழுக்கு தாளோடு வந்துவிடும். பொத்தான்களுள் சில இயங்காவிடின், அடியிலுள்ள ரப்பர்த் தகட்டையும் அதன்கீழுள்ள தடங்களையும் ஸ்பிரிட்டால் துடைத்தல் போதும்.

பழுதுகள் அனைத்திலும் வஞ்சகமானது மணி ஒலியாமையே. ஏனெனில் வீட்டார் அதனை அறியார். ரிசீவரை எடுத்தால் ஒலி கேட்கும். பேசினால் பேச்சுச் செல்லும். எல்லாம் நலம் என்றே தோன்றும். அழைப்பவரின் காதிலோ மணி அடிப்பதாகவே ஒலிக்கும். அவ்வொலியை அனுப்புவது இணைப்பகமே ஒழிய, வீட்டு மணி அன்று. அடித்தும் எடுப்பாரில்லை என்று எண்ணிப் பாரிசிலுள்ள மகன் கவலையுறுவான். அழைக்கவே இல்லையே என்று காரைக்காலிலுள்ள தாய் வருந்துவாள். ஒரு சிறு பழுது இரு நெஞ்சங்களிலும் மனத்தாங்கலை விளைத்துவிடும். ஆதலின், திங்களுக்கு ஒருமுறையேனும் அண்டை வீட்டாரை அழைக்கச் சொல்லி மணியைச் சோதித்தல் நன்று. ஒலியாவிடின், மணியை அடக்கும் சிறு விசை தவறித் திருப்பப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே இணைப்பில் பல கருவிகள் இருந்தாலும் மணி வலுவிழக்கும். ஒன்றிரண்டைக் கழற்றினால் மற்றவை ஒலிக்கும். மணிக்கு மின்சாரம் செலுத்தும் மின்தேக்கி கெட்டிருந்தால், அதை மாற்றும் பணியைத் தொழில் அறிந்தவரிடம் விடுதலே தக்கது.

வருமுன் காத்தலும் பழுது நீக்குதலின் ஒரு பகுதியே. கருவியைக் கடலை நோக்கிய சாளரத்தருகே வைத்தலாகாது. கம்பி வீட்டினுள் நுழையுமுன் சற்றே கீழே தொங்கி, பின் மேலேறி நுழையுமாறு அமைதல் வேண்டும். அப்போது மழைநீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். இறுக்கிய திருகுகளின் மேல் வாசலினை மெல்லெனப் பூசினால் உப்புக்காற்று அணுகாது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. பல்லாயிரம் மின்கம்பங்கள் சாய்ந்தன. இத்தகைய வேளையில் தெருவில் தொங்கும் தொலைபேசிக் கம்பி அறியாச் சிறுவனுக்குத் தீங்கற்றதாகத் தோன்றலாம். ஆனால், சாய்ந்த மின்கம்பி எங்கோ அதன்மேற் கிடக்கக்கூடும். தொட்டவுடன் உயிர் போகும். எத்துணை அறிந்தவராயினும் புயலுக்குப்பின் வெளிக்கம்பியைத் தொடாதிருத்தலே அறிவுடைமை. தன் எல்லையை அறிந்து கையை விலக்குவதும் தொழில் திறமையின் ஒரு கூறாகும்.

இக்காலத்தில் பல ஊர்களில் செம்புக் கம்பியின் இடத்தை ஒளியிழை பெற்றுவருகிறது. ஒளியிழையில் களிம்பு ஏறுவதில்லை. உப்புக்காற்று மிகுந்த கரைக்கு அது நற்பேறே. ஆயினும், ஒளியிழை 48 வோல்ட் மின்சாரத்தைச் சுமந்து வருவதில்லை. வீட்டில் மின்சாரம் நின்றால், அதனோடு இணைந்த பெட்டியும் நின்றுவிடும். புயலிரவில் பேச விரும்புவோர் அப்பெட்டிக்குத் தனி மின்கலம் வைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. இழை மாறினும், எங்கிருந்து மின்சாரம் வருகிறது, எவ்விடத்தில் பழுது நேர்ந்தது என்று கேட்டறியும் நெறி மாறுவதில்லை.

வாட்சன் ஒட்டிய எஃகு நாக்கைச் சினத்தோடு எறிந்திருந்தால், அன்று ஒரு கருவி மட்டும் குப்பையில் சேர்ந்திருக்கும். அவர் அதனைப் பொறுமையோடு சுண்டினார். பெல் செவிசாய்த்துக் கேட்டார். உலகம் பேசத் தொடங்கியது. கெட்ட பொருளை வீசியெறியுமுன் அது ஏன் கெட்டது என்று கேட்பவர், பொருளை மட்டுமன்றி அறிவையும் மீட்டுக்கொள்கின்றனர். அரசலாற்றங்கரையின் ஒரு வீட்டில், துடைத்துப் பொருத்திய தொலைபேசி இரவு பத்து மணிக்கு மீண்டும் ஒலிக்குமாயின், அவ்வோசையைக் கேட்டு எழும் தாயின் மகிழ்ச்சியே அவ்வுழைப்பிற்கு உரிய கூலியாகும்.